கோடும் சந்தையும்

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். ஏறுவோர் ஆயிரம் ஆயிரம். நாம் ஏறப் போகவில்லை. மலையடிவாரத்திலே, மக்கள் கூடும் சந்தைக்குப் போனோம். மேலே காவடி, கீழே காய்கறிக் கூடை. மேலே வேண்டுதல், கீழே விலைபேசுதல். இந்த ஊரின் வரலாறு எங்கே இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், கீழே இருக்கிறது என்றே சொல்வோம்!

விடியலின் ஈரம் உலராத வேளை. நகரிப் பக்கமிருந்து வந்த மூதாட்டி ஒருவர் சாக்கின்மேல் கீரைக் கட்டுகளைப் பரப்பியிருந்தார். தெலுங்கில் விலை சொன்னார். வாங்க வந்த இளைஞர் தமிழில் குறைத்துக் கேட்டார். மூதாட்டி தெலுங்கில் கடிந்தார். இளைஞர் தமிழில் சிரித்தார். கட்டு கைமாறிற்று, காசும் கைமாறிற்று. மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.

தேநீர்க் கடையில் ஒரு பெரியவர். சொந்த ஊர் எது என்று கேட்டோம்.

"இதே ஊருதான் வாத்தியாரே! நான் பொறந்தப்போ சித்தூரு ஜில்லா, ஆந்திரா. பள்ளிக்கூடம் போறப்போ செங்கல்பட்டு ஜில்லா, மெட்ராசு. பேரன் பொறந்தப்போ திருவள்ளூர் மாவட்டம், தமிழ்நாடு. ஊடு மட்டும் நவுரல!"

வீடு நகரவில்லை, கோடு நகர்ந்தது! பெரியவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால், அந்தச் சொல்லிலே அரை நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அதைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

வெள்ளையர் ஆட்சியிலே 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்து சில பகுதிகளை எடுத்தனர். கடப்பையிலிருந்து சில பகுதிகளை எடுத்தனர். கார்வேட்டிநகர் போன்ற சமீன்களையும் சேர்த்தனர். மாவட்டம் என்று பெயரிட்டனர். கார்வேட்டிநகர் சமீனைச் சேர்ந்த திருத்தணியும் அதனுள்ளே போயிற்று. இங்கே வாழ்வோர் பேசுவது எம்மொழி என்று பார்த்தா வரைந்தனர்? இல்லை! தண்டல் வாங்கவும் தாளில் எழுதவும் எது எளிதோ அதைச் செய்தனர். எல்லாமே சென்னை மாகாணத்திற்குள் இருந்ததால், அன்று அந்தக் கோடு எவரையும் உறுத்தவில்லை. மாவட்டக் கோடுதானே என்று மக்கள் இருந்தனர்.

உறுத்தும் நாள் 1953இல் வந்தது. தெலுங்கு மக்கள் தமக்கென ஒரு மாநிலம் கேட்டனர். கேட்டது நியாயம். அதற்காகப் பொட்டி சிறீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15இல் சென்னையில் உயிர் நீத்தார். அந்த ஈகத்தை நாம் மதிக்கிறோம். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. ஆனால் பிரித்தவர்கள் கையில் எடுத்த அளவுகோல் எது? மாவட்டம்! சித்தூர் மாவட்டம் முழுமையாக ஆந்திரத்திற்கு என்று எழுதினார்கள். தண்டலுக்காக 1911இல் கிழித்த கோடு, தாய்மொழியைத் தீர்மானிக்கும் கோடாக ஒரே நாளில் உருமாறிற்று.

கோடு மாறினால் சந்தையிலே என்ன மாறும்? கத்தரிக்காயின் விலை மாறாது. கீரையின் நிறம் மாறாது. மாறுவது வேறு. வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவின் மொழி மாறும். நீதிமன்றத்திலே தன்மீது சாட்டப்படும் குற்றத்தைக் குடியானவன் கேட்கும் மொழி மாறும். பிள்ளை முதன்முதல் எழுதும் எழுத்து மாறும். சந்தையில் இரு மொழியும் சமம். அலுவலகத்திலோ ஒரு மொழி அரியணையில், மறுமொழி வாயிற்படியில்! எல்லைப் போராட்டம் மண்வெறி என்று ஏளனம் செய்தோர் உண்டு. அது மண்ணுக்கான போராட்டம் மட்டுமன்று. மனு எழுதும் உரிமைக்கான போராட்டம்.

இந்த உண்மையை முன்கூட்டியே உணர்ந்தவர் ஓர் ஆசிரியர். மங்கலங்கிழார் என்பது அவர் தமிழுலகில் விளங்கிய பெயர். அறநெறித் தமிழ்ச் சங்கம் கண்டு, இந்த வட்டாரத்து ஊர்களிலே தமிழைப் பரப்பினார். போராட்டம் சூடேறிய 1953ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவர் கற்பித்த எழுத்து மறையவில்லை. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானம் அந்தப் போராட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். திருத்தணியின் கே. விநாயகம் களத்தில் முன்னின்றார். மறியல், ஊர்வலம், கைது, சிறை! பழனி மாணிக்கம், கோவிந்தசாமி என்னும் இருவர் உயிரையே ஈந்தனர். ம.பொ.சி. அன்று திராவிட இயக்கத்தை எதிர்த்துப் பேசியவர். அதனாலென்ன? முகாம் வேறு என்பதற்காக உழைப்பை மறைப்பது பகுத்தறிவாகாது. நன்றி சொல்வதற்குக் கட்சி அட்டை தேவையில்லை.

போராட்டத்தின் பயனாக எல்லைச் சிக்கலைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் அமர்த்தப்பட்டார். அவர் மாவட்டம் என்னும் பழைய அளவுகோலைத் தூக்கி எறிந்தார். கிராமமே அலகு என்றார். அந்தக் கிராமத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, அது அடுத்த பகுதியோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். அதன் வழியே 1959இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1911 ஏப்ரல் முதல் நாள் போட்ட முடிச்சு, 49 ஆண்டுகளுக்குப் பின் அதே ஏப்ரல் முதல் நாள் அவிழ்ந்தது!

தோழர்களே, அதே 1960, அதே ஏப்ரல் திங்களிலே உலகின் வேறொரு மூலையிலும் ஒரு கோடு பேசப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாடு ஏப்ரல் 27இல் விடுதலை பெற்றது. அங்கேயும் ஒரு மலையடிவாரம். அங்கேயும் ஒரு சந்தை ஊர். அங்கேயும் கோட்டால் பிளக்கப்பட்ட ஓர் இனம். திருத்தணியின் கதை தனிக்கதை அன்று என்பதை அறிய, அந்த ஊரையும் ஏட்டின் வழியே ஒருமுறை சுற்றி வருவோம்.

ஊரின் பெயர் பாலிமே. சாக்லேட்டுக்கு மூலப்பொருளான கோக்கோ விளையும் நாடு அது. வாழ்வோர் எவே இன மக்கள். பேசுவது எவே மொழி. 1884இல் செர்மனியர் வந்து அந்நிலத்தைத் தமதாக்கினர். 1907இல் கடற்கரை நகரமான லோமேயிலிருந்து பாலிமேவுக்குத் தொடர்வண்டிப் பாதை அமைத்தனர். மக்களுக்காகவா? கோக்கோவுக்காக! 'கோக்கோப் பாதை' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. சுற்றுப்புறத்து உழவர்கள் கோக்கோ மூட்டையைச் சுமந்து பாலிமேச் சந்தைக்கு வந்தனர்.

1914இல் முதல் உலகப் போர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டோகோவைக் கைப்பற்றினர். பாலிமே முதலில் ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1919இல் இரு வல்லரசுகளின் அமைச்சர்களும் ஒரு கோடு கிழித்தனர். லோமேயும் பாலிமேயும் பிரான்சுக்கு. மேற்குப் பகுதி பிரிட்டனுக்கு! சந்தை ஒரு நாட்டில், தோட்டம் இன்னொரு நாட்டில்! அண்ணன் பிரெஞ்சு ஆட்சியில். தம்பி ஆங்கில ஆட்சியில். இடையிலே சுங்கச் சாவடி. நேற்றுவரை தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோன கோக்கோவை இன்று கொண்டுபோனால், அதற்குப் பெயர் கடத்தல்! உழவன் மாறவில்லை, சுமை மாறவில்லை, ஒற்றையடிப் பாதையும் மாறவில்லை. ஒரு கோடு அவனைக் குற்றவாளியாக்கிற்று.

எவே மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. 1946இல் அனைத்து எவே மாநாடு என்னும் அமைப்பைக் கண்டனர். ஐக்கிய நாடுகள் அவைக்கு மனுமேல் மனு விடுத்தனர். 1947இல் சில்வானசு ஒலிம்பியோ அந்த அவையின் முன்னே நின்று தம் மக்களுக்காக வாதாடினார். கடைசியில் 1956 மே 9இல், பிரிட்டன் ஆண்ட பகுதியில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. விடுதலை பெறவிருந்த கோல்டு கோஸ்டோடு, அதாவது இன்றைய கானாவோடு, இணைய வேண்டும் என்றோர் 93,095 பேர். தனித்திருக்க வேண்டும் என்றோர் 67,492 பேர். நூற்றுக்கு 58 பேர் இணைப்பை விரும்பினர், இணைப்பே நடந்தது.

மக்களாட்சிதானே என்பீர்கள். சற்றுப் பொறுங்கள்! எவே மக்கள் மிகுந்து வாழும் தெற்கிலே, ஹோ, க்பாண்டு வட்டங்களில், பெரும்பான்மையோர் இணைப்பு வேண்டாம் என்றே வாக்களித்திருந்தனர். அவர்கள் குரல் வடக்கின் எண்ணிக்கையிலே மூழ்கிப் போயிற்று. ஏன்? எண்ணியவர்கள் கொண்ட அலகு ஊரன்று, வட்டமன்று; நிலப்பகுதி முழுவதும்! கோடு 1957இல் கானாவின் எல்லையாயிற்று. 1960இல் டோகோவின் எல்லையாயிற்று. விடுதலைக் கொடிகள் ஏறின; சுங்கச் சாவடி இறங்கவில்லை.

இப்போது இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருத்தணியை 1953இல் பறித்தது எது? மாவட்டம் என்னும் அளவுகோல். 1960இல் திருப்பித் தந்தது எது? கிராமம் என்னும் அளவுகோல். பாலிமேயைச் சுற்றிய எவே மக்களைப் பிரித்தே வைத்தது எது? பகுதி முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுத்த அளவுகோல். எத்தனை பேர் என்று எண்ணுவது மட்டும் நீதியாகாது. எதை அலகாகக் கொண்டு எண்ணுகிறோம் என்பதிலேதான் நீதி இருக்கிறது. அலகு பெருக்கப் பெருக்க ஆள்பவனுக்கு வசதி. அலகு சிறுக்கச் சிறுக்க வாழ்பவனுக்கு நீதி!

ஆனால் கிராமத்தோடு கணக்கு முடிந்துவிட்டதா? அதுவும் இல்லை. திருத்தணி வந்தது, சத்தியவேடு போயிற்று. வேங்கடம் வரவே இல்லை. சித்தூர்ப் பக்கத்திலே தமிழர் இன்றும் வாழ்கின்றனர். திருத்தணியிலே தெலுங்கர் இன்றும் வாழ்கின்றனர். 1888இல் இதே திருத்தணியில் பிறந்த தத்துவப் பேராசிரியர் இராதாகிருட்டிணன் தெலுங்கு பேசும் குடும்பத்தில் வந்தவர். ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1960இல் அவர் இந்தியாவின் குடியரசுத் துணைத்தலைவர். எவ்வளவு நேர்மையாகக் கோடு கிழித்தாலும், அது எவருடைய வீட்டையேனும் மறுபுறம் தள்ளிவிட்டே போகும். அந்த வீட்டுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே அடுத்த கேள்வி.

நம் வகுப்பறையிலே வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருக்கின்றனர். ழகரம் வராமல் தடுமாறும் சிறுவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்த நாளொன்று உண்டு. அன்று நாம் பாடத்தை நிறுத்தினோம். எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளியில் தமிழ்ப் பிள்ளை ஒன்று தெலுங்கு எழுத்தில் தடுமாறும்போது அங்குள்ளோர் சிரித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டோம். வகுப்பு அமைதியாயிற்று. அடுத்த நாள், சிரித்தவர்களில் ஒருவனே அந்தச் சிறுவனுக்கு நாவை மடக்கக் கற்றுத் தந்துகொண்டிருந்தான். மங்கலங்கிழார் தமிழ் கற்பித்தது, தமிழ்ப் பிள்ளை தலைகுனியக் கூடாது என்பதற்காக. அந்த நீதி தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரியதாயின், அது நீதியன்று; சலுகை.

சந்தையை விட்டுப் புறப்படுகையில் மலையை நிமிர்ந்து பார்த்தோம். படிகளிலே மக்கள் வெள்ளம். இந்த ஊரைத் தமிழ்நாட்டுக்கு மீட்டுத் தந்தவர் மேலே நிற்பவர் அல்லர். கீழே நின்றவர்கள், நடந்தவர்கள், சிறை புகுந்தவர்கள். அவர்கள் பெயரைப் படியேறுவோரில் எத்தனை பேர் அறிவார்கள்? இளைஞர்களே, 365 படிகளையும் எண்ணத் தெரிந்த நமக்கு, அந்தச் சில பெயர்களை நினைவில் வைப்பது அரிதா?

இனியும் எங்கோ ஓர் அலுவலகத்தில், வரைபடத்தை விரித்து எவரேனும் எழுதுகோலை எடுக்கக்கூடும். மாவட்டத்துக்கோ தொகுதிக்கோ மாநிலத்துக்கோ கோடு கிழிக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: ஐயா, கோடு கிழிக்குமுன் ஒருநாள் காலையில் சந்தைக்குப் போய் வாருங்கள்!