நானுஓயா மலைகளில் காமன் விழா

தமிழர் கொண்டாடும் விழாக்கள் பலவற்றில் நெருப்பு நடுநாயகமாக விளங்குகிறது. போகியன்று பழையன எரிகின்றன. கார்த்திகைத் திருநாளில் கோயில் முன்றிலில் சொக்கப்பனை எரிகின்றது. தீபாவளியில் மத்தாப்பும் வாணமும் ஒளி சிதறுகின்றன. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதாயினும் போதிய அளவு எண்ணப்படாதது, மாசித் திங்களிற் காமனை எரிக்கும் விழாவாகும். வடநாட்டு ஹோலித் தீயோடு உறவுடைய இவ்விழா தமிழகத்தின் சிற்றூர்களிலும் இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் காமன் பண்டிகை என வழங்குகிறது. நானுஓயா, தலவாக்கலை, அட்டன் பகுதித் தோட்டங்களில் அது வெறும் சடங்காக நில்லாமல், ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றையே தாங்கிய கூத்தாக வளர்ந்தது.

காமனைப் பற்றிய நினைவு தமிழில் மிகப் பழையது. புகார் நகரிற் காமவேள் கோட்டம் இருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. தையும் மாசியும் காமனைத் தொழுது நோற்கும் நோன்பை ஆண்டாளின் நாச்சியார் திருமொழி பாடுகின்றது. சைவ மரபோ காமனை எரித்த இறைவனைப் போற்றுகின்றது. அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கை, காமன் எரிந்த தலமாகக் கருதப்படுகிறது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் இக்கதையை விரிவாகக் கூறுகின்றது. தொழப்பட்டவனும் அவனே, எரிக்கப்பட்டவனும் அவனே. இவ்விரு நினைவுகளும் ஒருங்கே கலந்த கலவையே நாட்டுப்புறக் காமன் விழா.

இவ்விழா மலையகத்திற்கு நூல்களின் வழியாக வரவில்லை. கால்நடையாக வந்த மக்களின் நெஞ்சில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபோது திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழை உழவர்கள் கங்காணிகளின் தலைமையில் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதை வழியே மலையேறியோரிற் பலர் வழியிலேயே மாண்டனர். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. 1893இல் பாதை ஹப்புத்தளை வரை நீளும்வரை இந்நிலையமே இருப்புப் பாதையின் எல்லையாக இருந்தது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட இக்குளிர் மலைகளில் லயங்கள் எழுந்தன. லயத்து மக்கள் தம் ஊர்த் தெய்வங்களையும் உடன் குடியேற்றினர். தேயிலைத் தொழிற்சாலைக்கு ரோதைமுனி, கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி எனப் புதிய தெய்வங்களும் பிறந்தன. காமனும் இவ்வாறே மலையேறினான்.

விழாவின் காலம் மலைநாட்டு வாழ்வோடு நன்கு பொருந்தியது. மாசி, மழை ஓய்ந்து கொழுந்து வரவு குறைந்திருக்கும் காலம். பகலில் வெயிலும் இரவிற் கடும்பனியும் நிலவும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், காமன் பொட்டல் என வழங்கும் வெளியிற் கம்பம் ஊன்றப்படும். கரும்பு, ஆமணக்கு, மாவிலை, வைக்கோற்புரி, வரட்டி ஆகியன கம்பத்திற்கு உரியவை. இவை இடத்திற்கிடம் சிறிது வேறுபடும். ரதியாகவும் மதனாகவும் ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர். ரதி வேடத்தையும் ஆண்மகனே புனைவது மரபு. பகல் முழுதும் மலையில் வேலை செய்தவர்கள் இரவிற் கம்பத்தைச் சுற்றி ஆடுவர். பின்னர் லயந்தோறும் சென்று ஆடுவர். தப்பின் அடி மாறுந்தோறும் ஆட்டமும் மாறும். கூத்து வாத்தியார் வாய்மொழியாகவே பாடல்களைக் கற்பிப்பார்.

பௌர்ணமி இரவே விழாவின் உச்சம். ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நிகழும். தேவர்களின் ஏவலால் சிவனது தவத்தைக் கலைக்க மதன் புறப்படுவான். ரதி தான் கண்ட தீய கனவுகளைச் சொல்லித் தடுப்பாள். அவ்விருவர் தர்க்கமே கூத்தின் உயிர்ப்பகுதி. தூதன், வீரபத்திரன், காளி, எமன் முதலியோர் ஒருவர்பின் ஒருவராகக் களம் புகுவர். உயர்ந்த பரணிற் சிவன் தவமிருக்க, மதன் மலர்க்கணை தொடுப்பான். நெற்றிக்கண் திறந்ததைக் காட்டக் கயிற்றின் வழியே வாணம் விடுவதும் உண்டு. சீறிவரும் நெருப்புக் கம்பத்திற் பற்றியதும் காமன் எரிவான். அதுவரை ஒலித்த ஆரவாரம் அடங்கி ரதியின் ஒப்பாரி எழும். கூடியிருக்கும் பெண்களும் அழுவர். மூன்றாம் நாள் மதன் உயிர்ப்பிக்கப்படுவான். அத்துடன் விழா நிறைவெய்தும்.

தமிழகத்தின் தஞ்சைப் பகுதியில் இக்கதை, எரிந்த கட்சி எரியாத கட்சி என்னும் லாவணி வாதமாக வளர்ந்தது. அங்கு அறிவின் போட்டி முதன்மை பெற்றது. மலையகத்திலோ ரதியின் துயரமே முதன்மை பெற்றது. பிறர் ஏவலை ஏற்றுப் புறப்பட்டு, தான் செய்யாத முடிவுக்குத் தானே பலியாகும் மதன், கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தோருக்கு அந்நியன் அல்லன். போகவேண்டாம் என மன்றாடும் ரதியின் குரல் அவர்களின் இல்லங்களிற் கேட்ட குரலேயாகும்.

விழாவின் பொருளாதாரமும் நோக்கற்பாலது. தீபாவளிச் செலவுக்குத் தோட்ட நிருவாகம் முற்பணம் வழங்கிப் பின்னர்ச் சம்பளத்திற் சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளும். காமன் விழாவுக்கோ வீட்டுக்கு வீடு தண்டிய பணமே முதல். பெரட்டுக் களத்தில் நாள்தோறும் பிறர் கட்டளைக்கு நின்ற மக்கள், காமன் பொட்டலில் தாமே தலைவராகவும் கலைஞராகவும் நின்றனர். எனினும் அக்களமும் சமத்துவக் களமாக முற்றும் அமைந்ததில்லை. தப்பின்றிக் கூத்தில்லை, அத்தப்பை அடித்தோரோ சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டனர். பெண்ணின் துயரைப் பாடிய கூத்திற் பெண்ணுக்கு வேடமில்லை. இவற்றை மறைத்து விழாவைப் போற்றுதல் வரலாறாகாது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் எழுவர் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நாடாளுமன்றம் சென்றனர். தலவாக்கலையின் உறுப்பினராயிருந்த சி. வி. வேலுப்பிள்ளை, பிற்காலத்தில் மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தொகுத்தளித்தவருமாவார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இருநாட்டுக்கும் சரிபாதியாயினர். குடும்பங்கள் பிரிந்ததோடு கூத்துக் குழுக்களும் சிதைந்தன. ரதி ஒரு நாட்டிலும் மதன் மறுநாட்டிலுமாகிய நிலை உவமையன்று; நடந்த செய்தியே.

புராணக் கதையின் முடிவு இவ்விடத்து நினைக்கத்தக்கது. உயிர் பெற்ற காமன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான். பிறருக்கு அவன் உருவிலி. உழைப்பால் நாட்டை வளர்த்தும் சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகாது வாழ்ந்த மக்கள், ஆண்டுதோறும் அவ்வுருவிலியை எழுப்பினர். அவர்கள் இதனை எண்ணியே ஆடினர் எனக் கூறுதற்கில்லை. ஆயினும் தம்முடையதென்று உணராத கதையை எவரும் இத்தனை காலம் பனியில் நின்று ஆடார்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. மலையக வரலாற்றின் இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. காமன் கூத்தும் இன்று ஆய்வாளரின் கவனத்தையும் நகர மேடையையும் பெற்றுள்ளது. மேடை அதற்குப் புகழ் தரும். பல நாள் விரதத்தையும் விடியும்வரை விழித்திருக்கும் ஊரையும் தராது. இரண்டு மணிநேரக் காட்சியில் எரிப்பதை மட்டும் காட்டி முடித்தல் எளிது. ஆனால் காமன் விழாவின் பொருள் தீயில் முடிவதன்று. சாம்பலுக்கும் உயிர்ப்புக்கும் இடைப்பட்ட அம்மூன்று நாட் காத்திருப்பே மலையக மக்களின் இருநூறாண்டு வாழ்வு. அதனைக் காப்பவரே இக்கூத்தைக் காப்பவராவர்.