நுரையீரல் ஊடுருவு பூஞ்சைத் தொற்று

காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் மூச்சுவழி உட்புகுந்து, நுரையீரல் திசுவையும் இரத்தக் குழாய்களையும் துளைத்து வளர்வதால் உண்டாகும் கடுநோய். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆஸ்பெர்ஜில்லஸ் வகையே மிகுதி. கட்டுப்படாத நீரிழிவு உள்ளோரை மியூகோர்மைகோசிஸும் தாக்கும். வெள்ளணுக் குறைவு, ஸ்டீராய்டு, கடும் இன்ஃபுளுயன்சா, கோவிட் ஆகியவை இடர்க் காரணிகள். வென்டிலேட்டரில் இருப்பவரிடம் அறிகுறிகள் பாக்டீரியா நிமோனியாவை ஒத்திருப்பதால் நோய் எளிதில் தவறவிடப்படுகிறது; சளியில் பூஞ்சை வளர்வது மட்டுமே தொற்றுக்குச் சான்றாகாது. மூச்சுக்குழாய்க் கழுவுநீரில் கேலக்டோமன்னன் சோதனை, சி.டி. ஸ்கேன் ஆகியவை ஆஸ்பெர்ஜில்லஸைக் கண்டறிய உதவும். அதற்கு வோரிகோனசோலும், மியூகோர்மைகோசிஸுக்கு ஆம்போடெரிசின்-பியும் முதன்மை மருந்துகள். கோவிட் இரண்டாம் அலையில் மியூகோர்மைகோசிஸ் பெரும்பாலும் மூக்கையும் கண்குழியையும், சிலரிடம் நுரையீரலையும் தாக்கியது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அதை அறிவித்தது.