கண்டிப் பெரகராவிலே கந்தனும் கண்ணகியும்

கண்டிமாநகரிலே ஆண்டுதோறும் நிகழும் எசலப் பெரகராவைப் பற்றிக் கேள்விப்படாதார் நம்மில் இல்லை. காணச் சென்றால் யானைகளை எண்ணுகிறோம், தீப்பந்தங்களை வியக்கிறோம், மேளவோசையிலே மனம் மகிழ்கிறோம். ஆயினும், ‘இஃது அயலவர் விழா, நாம் பார்க்க வந்தோம்’ என்ற எண்ணத்துடனேயே வீடு திரும்புகிறோம். இவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துமா?

பெரகராவின் வரிசையை உற்று நோக்குக. முன்னே வருவது தலதா மாளிகையின் ஊர்வலம். அதன்பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் நான்கின் ஊர்வலங்கள் வருகின்றன. நாதர் பௌத்தர் போற்றும் போதிசத்துவர். விஷ்ணுவோ நாம் வணங்கும் திருமால். கதிர்காமத் தெய்வம் நம் முருகன். பத்தினித் தெய்வம், மட்டக்களப்பு மக்கள் வைகாசியிலே குளிர்த்தி பாடி வழிபடும் கண்ணகியம்மன்.

இவ்வரிசை எவ்வாறு அமைந்தது? கண்டியரசிலே 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே இவ்விழாவை விரித்துரைக்கிறார். அங்கே தெய்வங்களின் உலா உண்டு. புத்தபிரானின் தந்ததாது உலா வந்ததாகக் கூறவில்லை. ஆகவே, அக்காலத்திலே இது தேவாலயங்களின் விழாவாகவே இருந்ததென்பது பெறப்படும்.

1747இல் முடிசூடிய கீர்த்திசிறீ இராசசிங்கன் தென்னிந்திய நாயக்கர் குடியினன். அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் பௌத்தத் துறவுச் சடங்கை, 1753இல் சீயதேசத்துப் பிக்குகளைக் கொண்டு மீண்டும் நிலைநாட்டியவன் அவனே. அத்தகையவனையும் 1760இல் கொல்லச் சிலர் சதி செய்தனர். அவன் திருநீறு பூசுவதும் அவன்மேற் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று! தப்பிய அரசன் என் செய்தான்? பௌத்தப் பணியைக் கைவிட்டானல்லன். அவன் காலத்திலேயே, 1775ஆம் ஆண்டளவிலே, தந்ததாதுப் பேழை பெரகராவின் முன்னணிக்கு வந்தது. தெய்வங்களோ விலக்கப்படவில்லை; தத்தம் வரிசையிலே தொடர்ந்து உலா வந்தன.

விழாவின் முடிவையும் நோக்குக. கெட்டம்பேயில் மகாவலி கங்கை நீரை வாளால் வெட்டும் சடங்கு முடிந்தபின், தேவாலயத்தார் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வந்து வழிபட்டே திரும்புவது வழக்கம். நம் தீர்த்தத் திருவிழாவை இஃது நினைவூட்டவில்லையா?

இளைஞர்காள்! ஒருவர்க்கு முதலிடம் வந்தபோது மற்றவர் இடம் பறிக்கப்படாமையே இவ்விழாவின் வரலாறு. 1983 முதல் 2009 வரை போரின் கொடுமையைக் கண்ட நாட்டிலே இது சிறு செய்தியன்று. அடுத்த முறை கண்டிக்குச் செல்லும்போது, கதிர்காமத் தேவாலயத்தின் யானை வருகையிலே கைகூப்புங்கள். தந்ததாதுப் பேழை வருகையிலும் அயலவரோடு எழுந்து நில்லுங்கள். நம் தேரோடும் வீதியிலே அவர் வந்து நின்றால், வடம்பிடிக்க அவருக்கும் இடம் விடுங்கள்.