கைதட்டலும் கண்டனமும்: தமிழ் நாடக மேடையில் பார்வையாளர்–விமர்சகர் பிணக்கு, 1891–2013

தமிழ் நாடக வரலாற்றில் 1891 முக்கியமான ஆண்டு. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அந்த ஆண்டில்தான் அச்சேறியது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முன்னதைக் கற்றவர்கள் படித்துப் போற்றினார்கள். மேடைக்கு அது அபூர்வமாகவே வந்தது. பின்னது மேடைக்காகவே பிறந்தது. இவை இரண்டுக்கும் வெளியே, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு டிக்கெட் விற்ற தொழில்முறைக் குழுக்களின் நாடகம் நடந்துகொண்டிருந்தது. படித்தவர்கள் அதை ஒழுக்கக்கேடு என்று சாடினார்கள். மக்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்தப் பிணக்கை உயர்ந்த ரசனைக்கும் தாழ்ந்த ரசனைக்கும் இடையிலான சண்டையாகச் சொல்வதே வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது என் துணிபு. நாடகத்துக்குப் பணம் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்துப் பார்வையாளர் தம் தீர்ப்பைச் சொல்லும் முறையும் மாறியது. அதைக் கணக்கில் கொள்ளாமல் எந்தக் காலத்து விமர்சனத்தையும் சரியாகப் படிக்க முடியாது. விமர்சகரின் சொல் அச்சில் நிற்கிறது. பார்வையாளரின் சொல்லை நாடக நோட்டீஸ்களிலும் இசைத்தட்டுகளிலும் ஒரு நாடகம் எத்தனை முறை திரும்ப மேடையேறியது என்பதிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ போன்ற நாடகங்கள் மேல் வைக்கப்பட்ட முதல் குற்றச்சாட்டு, பாட்டு அதிகம் என்பது. கதை நடுவில் நிற்கிறது, பாடகர் ராகம் பாடுகிறார், கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கிறது, அவர் மறுபடி பாடுகிறார். செத்து விழுந்த பாத்திரம் எழுந்து பாடிய கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. சீர்திருத்தம் விரும்பியவர்களுக்கு இது நாடகக் கலைக்கு நேர்ந்த அவமானம். ஆனால் அந்த ‘ஒன்ஸ்மோர்’தான் காசு கொடுத்து வந்தவர் கையிலிருந்த விமர்சனம். அது உடனடியானது, நடிகரும் கம்பெனி முதலாளியும் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். பாடி நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பெற்ற பெரும்புகழை எந்த மதிப்புரையும் தரவில்லை. கொட்டகையின் குரல்தான் தந்தது.

இந்தப் பார்வையாளரை விவரம் தெரியாத கூட்டமாக நினைத்ததுதான் அன்றைய விமர்சனத்தின் பெருங்குறை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகமாகத் தொடரும் ‘வள்ளி திருமண’த்தைப் பார்த்தால் இது விளங்கும். அதில் நடிகர்கள் ஒரே குழுவாக ஒத்திகை பார்த்து வருவதில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் எல்லோரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு மேடையில்தான் சந்திக்கிறார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் திணறினார், யார் தமிழறிந்து மடக்கினார் என்பதைக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் நுணுக்கமாக எடைபோடுகிறார்கள். பலமுறை கேட்டுப் பழகிய செவிகள் அவை. பபூன் காட்சியின் கொச்சையை மட்டும் குறித்துக்கொண்டு போனவர்கள் இந்தச் செவிகளைக் கணக்கில் எடுக்கவில்லை.

சுவாமிகளே தம் காலத்து மேடையின் விமர்சகராகவும் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களாகிய நடிகர்கள் மனம்போனபடி வசனம் சேர்த்ததும் கட்டுப்பாடில்லாமல் இருந்ததும் அவரைப் பாலர் நாடகக் குழுக்களின் பக்கம் திருப்பின. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். பின்னாளில் அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம், சம்பந்த முதலியாரின் ‘மனோகர’னாகவும் நடித்துப் பேர் வாங்கினார். சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட உரைநடை நாடகம், டிக்கெட் வாங்கும் பொதுமக்களிடமும் வென்றது. பாட்டில்லாமல் மக்கள் பார்க்க மாட்டார்கள் என்றவர்களும், மக்களுக்குப் பாட்டைத் தவிர ஒன்றும் தெரியாது என்றவர்களும் ஒருசேரத் தவறினார்கள்.

நாற்பதுகளில் பிணக்கு கட்சி அடையாளம் பூண்டது. சி.என். அண்ணாதுரையின் ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்த எழுத்தாளர் கல்கி, எதிர் அரசியல் முகாமில் இருந்தும், அவரைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டு எழுதினார். மக்கள் திரண்ட இடத்துக்கு ஒரு விமர்சகர் தாமே போய், கண்டதை மறைக்காமல் எழுதிய அரிய தருணம் அது. நடிகர் எம்.ஆர். ராதாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அவருடைய ராமாயண நாடகத்துக்கோ கண்டனமும் தடையும் கைதும் வந்தன. 1954இல் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விமர்சனம் செய்யவேண்டிய வேலையைப் போலீஸிடம் கொடுத்த சட்டம் என்றே அதைச் சொல்வேன்.

ஐம்பதுகளுக்குப் பிறகு சென்னையில் சபா நாடகம் எழுந்தது. இங்கே பணம் வந்த வழியே வேறு. உறுப்பினர் ஆண்டுச் சந்தா கட்டிவிடுகிறார்; அதற்கு ஈடாகக் கச்சேரியும் நாடகமும் பார்க்கிறார். எந்த நாடகத்தைப் போடுவது என்பது சபா செயலாளர் கையில். பார்வையாளருக்கு மிஞ்சிய ஆயுதம் இரண்டுதான்: சிரிப்பது, அல்லது எழுந்து கேன்டீனுக்குப் போவது. எனவே குழுக்கள் சிரிப்பை எண்ணத் தொடங்கின. எழுதியவர்களும் நடித்தவர்களும் பெரும்பாலும் அலுவலகம் போய்வந்தவர்கள், கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தார், கிரேஸி மோகன் பொறியாளர். கீழே உட்கார்ந்திருந்தவர்களும் அதே வாழ்க்கையை வாழ்ந்தவர்கள். மேடையிலிருந்த சோபா, அவர்கள் வீட்டுக் கூடத்து சோபா.

டெல்லியில் நெடுங்காலம் வாழ்ந்து, அங்கே வங்க, மராத்தி, கன்னட நாடகங்களைப் பார்த்திருந்த விமர்சகர் வெங்கட் சாமிநாதன் இந்த மேடையை ஈவிரக்கமில்லாமல் தாக்கினார். துணுக்குத் தோரணம், உடலே இல்லாத நடிப்பு, வானொலியில் கேட்டாலும் குறையாத நாடகம் என்ற வகையில் அமைந்த அந்தக் கால விமர்சனத்தின் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடே. ஆனால் பார்வையாளரைப் பற்றிய அதன் முடிவு பிழை. 1980இல் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ வந்தது. குடிநீருக்காகத் தவித்து, அரசால் கைவிடப்பட்ட அத்திப்பட்டி கிராமத்தின் கதை. வீட்டில் குழாய் வைத்திருந்த சபா உறுப்பினர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே பாலசந்தர் அதைத் திரைப்படமாக்கினார். நகைச்சுவை மட்டுமே செல்லும் என்று முடிவு செய்ததில் செயலாளர்களின் தயக்கத்துக்கும் பங்குண்டு. பழி முழுவதும் பார்வையாளர் தலையில் விழுந்தது.

இதற்கிடையில் விமர்சகர்கள் தாங்களே நாடகம் செய்யத் துணிந்தார்கள். 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முன்னின்ற பயிற்சிப் பட்டறையும், சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும் தொடங்கின. அடுத்த ஆண்டு ஞாநியின் பரீக்ஷா நாடகக் குழுவும் மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் வந்தன. புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்திலிருந்து முத்துசாமி உடலின் மொழியைக் கண்டெடுத்தார். புரிசையில் கிராமத்தார் விடியும்வரை பார்த்து மகிழ்ந்த அசைவுகள், சென்னை அரங்குக்கு வந்தபோது ‘புரியவில்லை’ என்ற முறையீட்டைச் சந்தித்தன. கூத்துப்பட்டறைக்கு ஃபோர்டு நிறுவனத்தின் நிதி கிடைத்தது. நடிகர்கள் முழுநேரமும் பயில முடிந்தது. நல்ல பலன்தான். ஆனால் டிக்கெட்டுக்கும் சந்தாவுக்கும் கட்டுப்படாத நாடகத்திடம் பார்வையாளர் எப்படித் தம் மறுப்பைத் தெரிவிப்பது? சிறுபத்திரிகையில் எழுதியவரும், மேடையில் நின்றவரும், எதிரே அமர்ந்தவரும் பலவேளை ஒரே வட்டத்து நண்பர்கள். சண்டையே நடக்காமல் போனது அந்த இயக்கத்துக்கு நேர்ந்த இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். கொட்டகையின் ‘ஒன்ஸ்மோர்’ போல ஒன்று அங்கும் கேட்டிருக்க வேண்டும்.

அந்த வட்டத்தைத் தாண்டியவர் ஞாநி. பத்திரிகையாளராகவும் நாடகக்காரராகவும் இருந்த அவர், பரீக்ஷா நாடகங்களுக்கும் போலீஸ் அனுமதி கேட்க வேண்டியிருந்த நிலையை எதிர்த்து 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. ராதாவின் கொட்டகை நிரம்பிய காலத்தில் பிறந்த அந்தச் சட்டத்தை, சில நூறு பேர் பார்த்த ஒரு சிறு குழுவின் வழக்கு வீழ்த்தியது.