கல்லமேட்டு டைனோசரும் எமது முன்பள்ளிப் பிள்ளைகளும்

வலிகாமத்தில் ஒரு முன்பள்ளியில் பல வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு டைனோசர் என்றால் கொள்ளை ஆசை. கைத்தொலைபேசியிலும் பென்சில் பெட்டியிலும் ரீசேர்ட்டிலும் அதைப் பார்த்தபடிதான் வகுப்புக்கு வருகிறார்கள். ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டது: “ரீச்சர், டைனோசர் எங்கட ஊரில இருந்ததோ?”

இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைத் தேடப்போய், நானும் நிறையப் படித்துக்கொண்டேன். பெற்றோருக்கும் ஏனைய ஆசிரியைகளுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கல் சொல்வது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அது மயோசீன் என்ற காலத்தில், ஆழமற்ற கடலின் அடியில் உருவானது. அக்காலம் ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. பறவைகள் தவிர்ந்த டைனோசர்கள் அழிந்ததோ 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆகவே எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் டைனோசர் எலும்பு கிடைக்காது.

கிணறு வெட்டியபோது எடுத்த கல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அதில் சிப்பியின் அச்சு இருந்தது. பிள்ளைகள் விரலால் தடவிப் பார்த்தார்கள். “இது கடலாக இருந்த இடம்” என்றேன். டைனோசர் இல்லை என்ற ஏமாற்றம் அந்தச் சிப்பியோடு போய்விட்டது.

கடலுக்கு அப்பால் ஒரு பெரிய உடல்

எங்களுக்கு அண்மையில், தமிழ் பேசும் மண்ணிலேயே டைனோசர் எலும்பு கிடைத்த இடம் ஒன்று இருக்கிறது. அது தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேடு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980களின் பிற்பகுதியில் அந்த எலும்புகளை விபரித்து, பிருகத்காயோசரஸ் என்று பெயரிட்டார்கள். சமஸ்கிருதத்தில் ‘பிருகத்’ என்றால் மிகப் பெரிய. ‘காயம்’ என்றால் உடல். காயம் என்றதும் எமது பிள்ளைகளுக்குப் புண்தான் ஞாபகம் வரும். உடலுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு என்று சொல்லிக்கொடுத்தேன்.

அது வாழ்ந்தது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இந்தியாவும் இலங்கையும் ஆசியாவோடு இன்னும் மோதவில்லை. ஒரே நிலத்தட்டில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

முதலில் அதை இறைச்சி தின்னும் டைனோசர் என்றுதான் எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள், அது நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் கொண்ட தாவர உண்ணி என்று திருத்தினார்கள். அறிவியலில் பிழை விடுவதும் திருத்துவதும் வழமை என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்றின் நீளம் ஏறத்தாழ 2 மீற்றர் என்று பதிவு செய்யப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. முற்றத்து மணலில் இரண்டு பிள்ளைகளை ஒருவர் காலோடு மற்றவர் தலை முட்டும்படி படுக்க வைத்து, சுற்றிவரக் கோடு கீறினேன். “இவ்வளவும் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான்” என்றதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், அங்கே மிச்ச உடல் நிற்பதுபோல.

என்ன நிறம் தீட்டலாம்?

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் உருவத்தைக் கீறிக் கொடுக்கிறேன். சிறிய தலை, நீண்ட கழுத்து, நான்கு தடித்த கால்கள், நிலத்தில் இழுபடாமல் உயர்ந்து நிற்கும் வால். வாலை நிலத்தில் இழுத்தபடி வரைவது பழைய காலத்துப் பிழை.

“என்ன கலர் ரீச்சர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். பச்சை என்று சொல்லிவிடாதீர்கள். சில டைனோசர்களின் நிறத்தை மட்டுமே ஆய்வாளர்களால் கண்டறிய முடிந்திருக்கிறது. சீனாவில் கிடைத்த சைனோசரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் வாலில் செம்மண்ணிறப் பட்டைகள் இருந்தன என்று 2010இல் அறிவித்தார்கள். கல்லமேட்டு டைனோசரின் நிறம் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஊதா தீட்டிய பிள்ளையும் பிழை விடவில்லை. பிழை என்ற சொல்லே இல்லாத அரைமணி நேரம், பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு நல்லது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, தன் படத்தைத் தூக்கிக் காட்டி, “இது வயித்துக்குள்ள மஞ்சள்” என்று சொன்னது அந்த நேரத்தில்தான்.

ஒரு பிள்ளை பக்கத்தில் பனைமரம் கீறியது. நான் சிரிக்கவில்லை. மகாராட்டிராவின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் சாணத்துக்குள் புல்லினதும் பனைக்குடும்பத் தாவரங்களினதும் நுண்ணிய எச்சங்கள் இருந்தன என்று 2005இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எங்கள் பனையே அங்கே நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் சொந்தக்காரர் நின்றிருக்கலாம். மனிதரை மட்டும் படத்தில் சேர்க்கவேண்டாம் என்று சொல்லுங்கள். நாங்கள் வந்தது பல கோடி ஆண்டுகள் கழித்து.

வானத்திலிருந்து விழுந்தது

டைனோசர்கள் எப்படி அழிந்தன என்ற இடத்தில்தான் நான் தடுமாறினேன். சுமார் 10 கிலோமீற்றர் குறுக்களவுள்ள விண்கல், அதாவது யாழ் நகரிலிருந்து சுன்னாகம் வரையான அளவு, இன்றைய மெக்சிக்கோவில் விழுந்தது. தூசி வெயிலை மறைத்தது, செடிகள் பட்டன, விலங்குகள் பட்டினி கிடந்தன. கையை உயர்த்தி, “டமார்” என்று சத்தம் போட்டுக் கதை சொன்னேன். ஒரு பிள்ளை கேட்டது: “செல்லோ ரீச்சர்?”

யுத்தம் முடிந்து பல வருடங்களின் பின் பிறந்த பிள்ளை அது. ஆனால் வீட்டில் அம்மம்மாவின் கதைகளுக்குள் அந்தச் சொல் இருக்கிறது. அன்றிலிருந்து நான் சத்தம் போடுவதில்லை. “அது வானத்திலிருந்து வந்த கல். ஆரும் எறிந்தது இல்லை. இப்ப வானத்தைப் பார்க்கிற ஆட்கள் இருக்கினம்” என்று அமைதியாகச் சொல்கிறேன். வீட்டில் சொல்பவர்களும் இதைக் கவனியுங்கள். பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாமல் மறுமொழி சொல்லுங்கள். கதையை அழிவோடு நிறுத்தவும் வேண்டாம்.

ஏனெனில் கதை அங்கே முடியவில்லை. இரண்டு காலில் நடந்த டைனோசர் கூட்டத்தின் ஒரு கிளைதான் பறவைகள். அவற்றில் சில தப்பிப் பிழைத்தன. கல்லமேட்டு விலங்கு வேறு கிளை. அதற்கு இன்று பிள்ளைகுட்டி இல்லை. முற்றத்துக் கோழியின் காலைக் காட்டுங்கள்: செதில், முன்னால் மூன்று விரல், நகம். செண்பகமும் காகமும் அந்தக் கிளையில் வந்தவைதான். மறுநாள் ஒரு தாய் என்னிடம், “பிள்ளை கோழிக்குத் தீன் போடேக்க டைனோசர் எண்டு கூப்பிடுறான்” என்றார்.

எலும்பு போனது, படம் நின்றது

கடைசியாக ஒன்று. கல்லமேட்டு எலும்புகள் இன்று இல்லை. மழையிலும் ஈரத்திலும் நொருங்கி, பாதுகாக்க முன்னரே பொடியாகிவிட்டன. மிஞ்சியவை அளவுகளும் கோட்டுப்படங்களும் நிழற்படங்களும்தான். அந்தப் பழைய நிழற்படங்கள் சில 2022இல் வெளியாகின. அவற்றை வைத்துத்தான் ஆய்வாளர்கள் இன்றும் அதன் பருமனைப் பற்றி வாதிடுகிறார்கள்.

1995 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பம் தொலைந்தது. அப்பப்பாவின் முகம் எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். ஆகவே பிள்ளைகள் நிறம் தீட்டி முடித்ததும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பெயர், திகதி, பிள்ளை சொன்ன ஒரு வசனம் ஆகியவற்றை எழுதிவிடுகிறேன். தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெற்றோருக்கும் அனுப்புகிறேன். உங்கள் பிள்ளையின் படத்திலும் எழுதி வையுங்கள். தாள் கிழிந்து போனாலும், அதில் என்ன இருந்தது என்று பிறகு ஒருவர் கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.