அருவியும் அரசாங்க சபையும்: எஞ்சினீயர் விமலசுரேந்திரர் சரித்திரம்

நாயுடுபுரத்தினின்றும் வத்தலக்குண்டு மார்க்கமாய்க் கீழிறங்கும் நம்மவர் யாவரும் வெள்ளி அருவியைப் பார்த்தவரே. 1863ஆம் வருஷத்தில் லெவிஞ்ச் துரை அமைப்பித்த கோடைக்கானல் ஏரியில் மிஞ்சும் நீரே 180 அடி உயரத்தினின்றும் அவ்வாறு விழுகின்றது. வண்டியை நிறுத்தி அழகு பார்ப்போர் பலர். எஞ்சினீயர் ஒருவர் பார்ப்பாராயின், எவ்வளவு நீர், எவ்வளவு உயரம் என்னும் இரண்டையுமே முதலில் கேட்பார். ஏனெனில், அவ்விரண்டையும் பெருக்கினால் வருவதே நீரின் வலிமை. இங்ஙனம் ஓர் அருவியைப் பார்த்து, அதன் பொருட்டே சட்டசபைக்குள்ளும் புகுந்த ஒருவருடைய சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பத்தினர் அறிதல் நலமென்று கருதி இதனை எழுதலானோம். அவர் நம் தேசத்தவரல்லர். கடலுக்கு அப்பால் இலங்கையிலிருந்தவர்.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திரர் 1874ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 17ஆந் தேதி காலி நகரில் பிறந்தார். தந்தையார் கைவினையில் வல்லவர். நில புலத்தாலும் வக்கீல் தொழிலாலும் பெரிய மனிதரானோரே சபைகளை நிரப்பிய அக்காலத்தில், கைவினைக் குடும்பத்துப் பிள்ளை பொது மராமத்து இலாகாவில் உத்தியோகம் பெற்றதே பெரிதென்று எண்ணியிருப்பர். அவ்விலாகாவின் வேலையாக, பொன் கிடைக்குமோவென்று மலைநாட்டை ஆராயச் சென்றபொழுதுதான் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டு ஆறுகளின் வேகம் அவர் கருத்தைக் கவர்ந்ததென்பர். பொன்னைத் தேடியவர் கண்டது நீர். அதன் மதிப்பை உணர்ந்தவர் அன்று வெகு சிலரே.

இந்தியாவில் இது புதுமையன்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டத்தின்படி மைசூர் ஸர்க்கார் சிவசமுத்திரத்தில் காவேரியைக் கொண்டு மின்சாரம் எடுத்து, 1902ஆம் வருஷத்திலேயே கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பலாயினர். விமலசுரேந்திரரும் நானுஓயாவுக்கு அருகே பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறியதோர் நீர்மின் நிலையம் அமைத்து, 1912ஆம் வருஷத்தில் நுவரெலியாவுக்கு விளக்கேற்றிக் காட்டினார். பின்னர் 1918ஆம் வருஷத்தில் இலங்கை எஞ்சினீயர்கள் சங்கத்தின் முன்னிலையில், லக்ஷபான மலைச்சரிவில் விழும் நீரைக் கொண்டு தேசத்துக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கலாமென்று ஒரு வியாசம் படித்தார். அதனால் அவருக்கு உடனே கிடைத்தது கீர்த்தியன்று, தாமதமே. வேலை 1924ஆம் வருஷத்தில் துவங்கிப் பணமுட்டுப்பாட்டால் சில வருஷங்களில் நின்று போயிற்று. வெட்டிய மலை வெட்டியபடியே கிடந்தது.

சர்க்கார் உத்தியோகஸ்தர் மேலதிகாரிக்கு மனுச் செய்யலாம். அவ்வதிகாரியைக் கேள்வி கேட்கலாகாது. சபை அங்கத்தினரோ கேட்கலாம். இந்த வேற்றுமையை விமலசுரேந்திரர் நன்கு உணர்ந்தார் போலும். உத்தியோகத்தினின்றும் விலகிய பின்னர், 1931ஆம் வருஷத்தில் இரத்தினபுரித் தொகுதியில் நின்று, டொனமூர் அரசியல் திட்டத்தின்படி அமைந்த முதல் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்த தேர்தல் அது. நம் தேசத்தில் அவ்வுரிமை வருவதற்கு இன்னும் இருபது வருஷம் செல்லவேண்டியிருந்தது. அங்கத்தினர் ஏழு நிர்வாகக் கமிட்டிகளாகப் பிரிந்து இலாகாக்களை நடத்தினராதலால், சாதாரண அங்கத்தினருக்கும் நிர்வாகத்தில் கை வைக்க இடமிருந்தது. அச்சபையில் நம் தமிழரான பெரி சுந்தரம் அவர்கள் ஹட்டன் தொகுதியினின்றும் வந்து, தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியாக விளங்கினார். லக்ஷபான அருவிக்கு அண்மையிலுள்ள பட்டணம் அந்த ஹட்டனே.

அச்சபை 1935ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கலைந்தது. அதற்குள் லக்ஷபானவில் ஒரு சக்கரமும் சுழலவில்லை. இதனால் அவருடைய சட்டசபை வாழ்வு வீண் என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதோம். பைலுக்குள் உறங்கிய ஒரு திட்டத்தைத் தேசத்தார் வாயில் வழங்கும் பேச்சாக்குவதும் அங்கத்தினர் வேலையே. ஆயினும் சென்னை மாகாணத்தார் நீலகிரியில் பைக்காரா நிலையத்தை 1932ஆம் வருஷத்திலேயே இயக்கிவிட்டதை எண்ணுங்கால், அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மகனை எஞ்சினீயரிங் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, “அரசியல் பேச்சு உனக்கு வேண்டாம்” என்று கடிதம் எழுதும் நம் வீட்டுப் பெரியோர், அணை கட்டுவதற்கும் முதலில் யாரேனும் பணம் ஒதுக்கவேண்டுமென்பதைச் சற்றே நினைப்பாராக.

வேலை 1938ஆம் வருஷத்தில் மீண்டும் துவங்கிற்று, யுத்தம் குறுக்கிட்டது. நார்ட்டன் அணையினின்றும் குழாய் வழியே 1,400 அடிக்கு மேற்பட்ட உயரம் இறங்கிய நீர் லக்ஷபான நிலையத்துச் சக்கரங்களைச் சுழற்றியது 1950ஆம் வருஷத்தில். முதல் அளவு 25,000 கிலோவாட். வியாசம் படித்து 32 வருஷங்கள் கழிந்திருந்தன. விமலசுரேந்திரருக்கு அப்பொழுது 76 வயது. அதனை உயிருடனிருந்து அறிந்து, 1953ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10ஆந் தேதி காலமானார். அவர் பெயரையே தாங்கிய 50,000 கிலோவாட் நிலையம் 1965ஆம் வருஷத்தில் நார்ட்டனில் எழுந்தது.

இச்சரித்திரத்தை எழுதும் சிங்களவரும் ஆங்கிலேயரும் பெரும்பாலும் இவ்விடத்திலே முடித்துவிடுவர். நம்மவர் மற்றொன்றையும் அறியவேண்டும். அவ்வருவிகளைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோர், மதுரை, இராமநாதபுரம், திருச்சி முதலான ஜில்லாக்களினின்றும் சென்ற தமிழரின் சந்ததியார். 1931ஆம் வருஷத்தில் அவருட் பலருக்கு வாக்குரிமை இருந்தது. 1948ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தாலும் அதனை அடுத்து வந்த தேர்தல் சட்டத்தாலும் அவருள் மிகப் பெரும்பாலோர் அதனை இழந்தனர். ஆகவே, லக்ஷபானச் சக்கரம் சுழன்ற வருஷத்தில், தம் மலையில் பிறக்கும் மின்சாரம் தமக்கும் வேண்டுமென்று கேட்கச் சபைக்கு ஆள் அனுப்ப அவர்களுக்கு வழியில்லை. கம்பிகள் அவர்கள் தலைக்குமேல் கொழும்புக்குச் சென்றன. தோட்டத்து லயங்களிலோ இன்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன.