உள்ளங்காலில் இருப்பது ஆணியா, மருவா? லேசருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க

காலையில் மெட்ரோவைப் பிடிக்க ஓடும்போது, ஷூவுக்குள் கல் கிடப்பது போலக் குதிகாலில் குத்துகிறது. கழற்றி உதறினால் கல் எதுவும் இல்லை. காலைத் திருப்பிப் பார்த்தால் பயறளவுக்குத் தடித்த தோல், நடுவில் சில கறுப்புப் புள்ளிகள்.

போனில் அம்மாவிடம் சொன்னால், "கால் ஆணிதான், பிளேடால சீவி விடு" என்பார். மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் கொடுப்பார்கள். இன்ஸ்டாகிராம் விளம்பரம் "ஒரே சிட்டிங்கில் லேசர்" என்று அழைக்கும். கூகுளில் தேடினால் எச்.பி.வி, புற்றுநோய் என்று பயமுறுத்தும். இதில் எதை நம்புவது?

முதல் கேள்வி: ஆணியா, மருவா?

பெங்களூரில் மருவை 'நரஹுலி' என்பார்கள். ஆணிக்குக் கன்னடத்திலும் 'ஆணி' என்றே பெயர். இரண்டையும் ஒன்றாக நினைக்கும் குழப்பமும் இரண்டு மொழிக்காரர்களுக்கும் பொதுதான்.

ஆணி என்பது அழுத்தத்தாலும் உராய்வாலும் தடித்துப்போன தோல். அது ஒட்டாது. மரு என்பது வைரஸ் தொற்று, அது ஒட்டும். வீட்டிலேயே மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

1. ரேகை: உள்ளங்காலின் தோல் ரேகைகள் மருவின் விளிம்பில் நின்றுவிடும், அதைச் சுற்றிப் போகும். ஆணியில் பெரும்பாலும் மேலேயே தொடரும்.
2. வலி: ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும்.
3. கறுப்புப் புள்ளி: பலர் இதை 'வேர்' என்று நினைத்து ஊசியால் தோண்டுகிறார்கள். அது வேர் இல்லை, ரத்தம் உறைந்த நுண்ணிய ரத்தக்குழாய். மருவுக்கு வேரே கிடையாது.

எச்.பி.வி என்றால் புற்றுநோயா?

இல்லை. எச்.பி.வியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. உள்ளங்காலில் மருவை உண்டாக்குபவை பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள். கருப்பைவாய்ப் புற்றுநோயோடு முக்கியமாகத் தொடர்புடையவை 16, 18. இரண்டும் வேறு வேறு. அதேபோல, புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவேக் தடுப்பூசி 6, 11, 16, 18 வகைகளுக்கானது. அதைப் போட்டிருந்தாலும் கால் மரு வரலாம்.

எங்கிருந்து ஒட்டியது?

ஈரத்தில் ஊறிய தோலில் இருக்கும் சின்ன வெடிப்பு போதும், வைரஸ் உள்ளே போய்விடும். பி.ஜி.யில் பத்துப் பேர் பயன்படுத்தும் பாத்ரூம், ஜிம் ஷவர், அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தின் ஓரம் எல்லாமே அதற்குத் தோதான இடங்கள். ஆனால் குளத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நெதர்லாந்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வீட்டிலும் வகுப்பிலும் மரு உள்ளவர்கள் இருப்பதுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. தொற்றிய பிறகு மரு கண்ணில் படவே சில மாதங்கள் ஆகலாம். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று துப்பறிவது வீண் வேலை.

எண்கள் சொல்வது என்ன?

நெதர்லாந்தில் 250 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், 13 வாரங்களுக்குப் பிறகு உள்ளங்கால் மரு முழுசாகப் போனவர்கள்:

- திரவ நைட்ரஜனால் உறைய வைத்தவர்களில் 30 சதவீதம்
- சாலிசிலிக் அமிலம் தடவியவர்களில் 33 சதவீதம்
- எதுவுமே செய்யாமல் காத்திருந்தவர்களில் 23 சதவீதம்

இந்த மூன்றுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதே ஆய்வில் கை போன்ற இடங்களில் வரும் சாதாரண மருவுக்கு உறைய வைப்பது நன்றாகவே வேலை செய்தது. உள்ளங்காலின் தடித்த தோல்தான் கணக்கை மாற்றுகிறது.

2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னொரு ஆய்வில் 240 பேர். ஒரு குழு 50 சதவீத சாலிசிலிக் அமிலத்தை வீட்டிலேயே தினமும் தடவியது. இன்னொரு குழுவுக்கு மருத்துவப் பணியாளர்கள் திரவ நைட்ரஜன் வைத்தார்கள். 12 வாரத்தில் முழுசாகக் குணமானவர்கள் இரண்டிலும் 14 சதவீதம்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, விலை அதிகம் என்பதாலேயே ஒரு சிகிச்சை சிறந்ததாகிவிடாது. இரண்டு, "ஒரே சிட்டிங், நூறு சதவீதம் கியாரண்டி" என்று யாராவது சொன்னால் முன்பணம் கட்டாதீங்க. லேசர், காட்டரி பயனே இல்லை என்பதில்லை. ஆனால் உள்ளங்காலில் ஆழமாகச் சுட்டாலோ வெட்டினாலோ வலிக்கும் தழும்பு நிரந்தரமாக நிற்கலாம், மருவும் திரும்ப வரலாம். அது முதல் சாய்ஸ் இல்லை.

சரி, வீட்டில் என்ன பண்ணலாம்?

கீழே உள்ள எச்சரிக்கை உங்களுக்குப் பொருந்தாவிட்டால் சாலிசிலிக் அமிலத்தில் தொடங்கலாம். 16.7 சதவீத சாலிசிலிக் அமிலமும் அதே அளவு லாக்டிக் அமிலமும் கலந்த திரவம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

1. ராத்திரி, வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் காலை ஊற வைத்துத் துடைக்கவும்.
2. வெள்ளையாக ஊறிய தோலை அரத்தால் லேசாகத் தேய்க்கவும். ரத்தம் வரக்கூடாது. அந்த அரத்தை வேறு எதற்கும், வேறு யாரும் பயன்படுத்த வேண்டாம்.
3. சுற்றியுள்ள நல்ல தோலில் வாஸ்லின் தடவவும்.
4. மருவின் மேல் மட்டும் மருந்து வைத்து, காய்ந்ததும் பிளாஸ்திரி ஒட்டவும். மருந்து தீப்பற்றக்கூடியது, விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வேண்டாம்.

தோல் புண்ணானால் சில நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாம். 12 வாரம் வரை விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. டக்ட் டேப் ஒட்டினால் போகும் என்று 2002-ல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது பொய்த்தது.

யார் வீட்டில் முயலவே கூடாது?

சர்க்கரை நோய், காலில் ரத்த ஓட்டக் குறைவு, உணர்ச்சிக் குறைவு உள்ளவர்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு கணக்கிட்டது. உங்களுக்கு இல்லாவிட்டாலும் ஊரில் அப்பாவுக்கு இருக்கலாம். கார்ன் கேப்பிலும் இருப்பது அமிலம்தான், பொதுவாக 40 சதவீதம். மரத்துப்போன காலில் அது தோண்டும் குழி வலிக்காது. கவனிக்காமல் விட்டால் விரலையே இழக்கும் அளவுக்குப் போகலாம். நீங்கள் வாங்கியதை மிச்சம் வைத்து அவருக்குக் கொடுக்காதீங்க. கர்ப்பிணிகளும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

டாக்டரிடம் எப்போது?

12 வாரத்துக்குப் பிறகும் போகவில்லை, நடையே மாறுகிறது, எண்ணிக்கை பெருகுகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கறுப்பாகப் படர்வது, தானாக ரத்தம் கசிவது, ஆறாத புண் என்றால் காத்திருக்கவே வேண்டாம். அரிதாகத் தோல் புற்றுநோயும் உள்ளங்காலில் மரு மாதிரியே தெரியும். கார்ப்பரேட் கிளினிக்தான் வழி என்றில்லை. சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனையிலும் கோரமங்களா செயின்ட் ஜான்ஸிலும் தோல் பிரிவு உண்டு. பிடிவாதமான மருக்களுக்கு எம்.எம்.ஆர் தடுப்பு மருந்தையோ வைட்டமின் டி3-யையோ மருவுக்குள்ளேயே ஊசியாகப் போட்டு, உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் முறையை இந்திய மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பரவாமல் இருக்க

பொது பாத்ரூமில் செருப்பு போடுங்கள். துண்டையும் சாக்ஸையும் பகிர வேண்டாம். மருவைத் தொட்டால் கை கழுவுங்கள். நீச்சலுக்குப் போனால் வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்திரி போதும்.

வலி இல்லையா? சும்மா விடுவதும் ஒரு சிகிச்சைதான். குழந்தைகளின் மருக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 2 ஆண்டுகளில் தானாகவே மறைந்ததாக 1963-லேயே பதிவாகியிருக்கிறது. பெரியவர்களுக்கு இன்னும் நாளாகலாம். பிளேடை மட்டும் எடுக்காதீங்க.